பகிர்வதிலும் பணிவிடையிலும் பிள்ளைகள் மகிழ்ச்சி காண: கிறிஸ்தவப் பெற்றோருக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

"வாங்குகிறதைப்பார்க்கிலும் கொடுக்கிறதே பாக்கியம்" என்னும் இயேசுவின் வார்த்தை நான்கு சுவிசேஷங்களில் எதிலும் எழுதப்படவில்லை. மிலேத்துவில் எபேசு சபையின் மூப்பர்களிடம் விடைபெறும்போது பவுல் அதை நினைவூட்டியதால்தான் (அப்போஸ்தலர் 20:35) அது நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகள் இளவயதிலேயே மனப்பாடம் செய்கிற வசனங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் வசனத்தைத் தடுமாறாமல் ஒப்பிக்கிற பிள்ளை, அது சொல்லும் பாக்கியத்தை ஒருமுறையாவது தன் நெஞ்சில் உணர்ந்திருக்கிறதா என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. "தம்பிக்குக் கொடு", "பகிர்ந்து விளையாடு", "கொடுக்காவிட்டால் இயேசப்பா வருத்தப்படுவார்" என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளையைக் கொடுக்க வைத்துவிடலாம். கொடுப்பதை விரும்ப வைக்க அந்தச் சொற்களுக்கு வலிமை கிடையாது.

"அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன், உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" (2 கொரிந்தியர் 9:7) என்ற வசனத்தைப் பெரியவர்களின் காணிக்கைக்கு மட்டும் பொருத்திப் பார்த்துப் பழகிவிட்டோம். பிள்ளை வளர்ப்புக்கும் அதுவே அடிப்படை விதி என்பது என் உறுதியான எண்ணம். கொடுக்கும் பொருள் பிள்ளையினுடையதாக இருக்க வேண்டும். கொடுப்பதென்ற முடிவும் பிள்ளையினுடையதாக இருக்க வேண்டும். பெறுகிறவரின் முகத்தைக் காணும் வாய்ப்பும் கிடைக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்தால் மகிழ்ச்சியை நாம் கற்பிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது. கீழுள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றையும் அன்றாட வாழ்க்கையில் எப்படி அமைத்துக் கொடுப்பது என்பதைப் பற்றியவை.

முதற்படி: கொடுப்பதற்கு முன்னே பெற்றதை அறிதல்

கிறிஸ்தவப் போதனையில் கொடுத்தல் நம்மிடமிருந்து தொடங்குவதில்லை. "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்" என்று யோவான் தம் முதலாம் நிருபத்தில் சொல்லும் வரிசையை மாற்றிவிட்டால், நல்லது செய்தால்தான் தேவன் தன்னை நேசிப்பார் என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் வேரூன்றிவிடும். அந்த எண்ணத்தோடு வளரும் பிள்ளை எவ்வளவு பணிவிடை செய்தாலும் அதில் மகிழ்ச்சி இராது, பயமே இருக்கும். ஆகவே "இயேசு உன்னை நேசிக்க வேண்டுமென்றால் பகிர்ந்து கொடு" என்ற வாக்கியத்தை, அதன் சாயலில் வரும் எல்லா வாக்கியங்களையும் சேர்த்து, வீட்டிலும் ஞாயிறு பள்ளியிலும் அறவே விட்டுவிடுவது நல்லது.

ஆலயத்தைக் கட்டுவதற்காக ஜனங்கள் தாராளமாகக் கொடுத்தபோது தாவீது செய்த ஜெபத்தில், "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" (1 நாளாகமம் 29:14) என்று சொல்கிறான். இதைச் சிறு பிள்ளைக்குப் புரியவைக்க விளக்கவுரை வேண்டாம். இரவு குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவரும் அன்று தாம் பெற்ற ஒன்றையும், அது யார் வழியாக வந்தது என்பதையும் சொல்லி நன்றி செலுத்தும் வழக்கம் போதும். "இன்று மழையில் நனையாமல் அக்கா என்னைக் குடையில் சேர்த்துக்கொண்டாள்" என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, தேவனுடைய நன்மை மனிதர்களின் கைகள் வழியாக வருகிறது என்பதை அது கண்டுகொள்ளத் தொடங்கிவிட்டது. தன் கையும் அப்படிப்பட்ட ஒரு கையாகலாம் என்பது அடுத்த எண்ணமாகத் தானே வரும்.

இரண்டாம் படி: "இது என்னுடையது" என்று சொல்ல இடங்கொடுத்தல்

சுயநலத்தைப் போக்க வேண்டும் என்ற ஆர்வத்தில், பிள்ளைக்குச் சொந்தமாக எதுவுமே இல்லாதபடி செய்துவிடும் பெற்றோர் உண்டு. "இந்த வீட்டில் எல்லாம் எல்லாருக்கும்தான்" என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தன்னுடையது என்று ஒன்று இல்லாத பிள்ளையால் எதையும் கொடுக்க முடியாது. அதனிடமிருந்து எடுக்கத்தான் முடியும். அனனியா செய்த பிழையைக் கண்டிக்கும்போதுகூட, "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?" என்றும், விற்ற பின்பும் அதன் கிரயம் அவன் வசத்தில்தானே இருந்தது என்றும் பேதுரு கேட்கிறான் (அப்போஸ்தலர் 5:4). நிலத்தை வைத்துக்கொள்ள அனனியாவுக்கு உரிமை இருந்தது. விற்ற கிரயத்தில் ஒரு பங்கை மட்டும் கொடுத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டதே அவன் பாவம். மனமில்லாமல் கொடுத்துவிட்டு மனதாரக் கொடுத்ததாக முகத்தை வைத்துக்கொள்ளும்படி பிள்ளையைப் பழக்குகிற பெற்றோர் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

நடைமுறையில் இதை இப்படிச் செய்யலாம். வீட்டிலுள்ள விளையாட்டுப் பொருள்களில் சில பொதுவானவை, சில இன்னாருக்கே உரியவை என்று முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். விருந்தினரின் பிள்ளைகள் வருவதற்கு முன்பு, "அவர்களோடு விளையாட எவற்றை வெளியே வைக்கலாம், எவற்றை உள்ளே எடுத்து வைக்கலாம், நீயே சொல்" என்று கேளுங்கள். மிகவும் பிரியமான இரண்டொன்றை அலமாரிக்குள் வைத்துவிட்ட பிள்ளை, மற்றவற்றை நடுக்கூடத்தில் கொட்டிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். எதையும் இழக்க மாட்டோம் என்ற நிம்மதி இருக்கும்போதுதான் கை தாராளமாக விரிகிறது.

இருவர் ஒரே பொருளுக்குச் சண்டையிடும் நேரத்தில் என்ன செய்வது? மூத்தவள் வண்ணப் பென்சில்களைக் கொண்டு படம் வரைந்துகொண்டிருக்கிறாள். இளையவன் சிவப்புப் பென்சிலைக் கேட்டு அழுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நாம் அழுகையை நிறுத்தும் அவசரத்தில், "நீ பெரியவள், கொடுத்துவிடு" என்கிறோம். அதனால் அழுதால் கிடைக்கும் என்று இளையவன் கற்கிறான். தான் அனுபவிப்பதை எந்நேரமும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மூத்தவள் கற்கிறாள். அதற்குப் பதிலாக இளையவனை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா இப்போது அதைக் கொண்டு வரைகிறாள், உனக்கும் அது வேண்டும், காத்திருப்பது கடினமாகத்தான் இருக்கிறது" என்று அவனுக்கும், "தம்பி காத்திருக்கிறான், உன் வேலை முடிந்ததும் நீயே அவன் கையில் கொடுக்கிறாயா?" என்று அவளுக்கும் சொல்லிப் பாருங்கள். முதல் சில முறைகள் அவள் வேண்டுமென்றே நேரத்தை நீட்டலாம். தன் முறையை யாரும் வெட்ட மாட்டார்கள் என்று உறுதியான பின்பு, பாதிப் படத்திலேயே பென்சிலை நீட்டும் நாள் வரும். அவன் முகம் மலர்வதை அவள் பார்க்கிற அந்த ஒரு கணம், நாம் பிடுங்கிக் கொடுத்த நூறு பென்சில்களைவிட அதிகமாகக் கற்பிக்கும்.

இது வெறும் ஊகம் அன்று. நாடியா செர்னியாக், தாமர் குஷ்னிர் என்னும் ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தனக்கே வைத்துக்கொள்ளக்கூடிய ஒட்டுப்படத்தைச் சோகமாயிருந்த பொம்மைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தாமே முடிவுசெய்து கொடுத்த மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள், கொடுக்கும்படி சொல்லப்பட்ட பிள்ளைகளைவிட, அடுத்த வாய்ப்பில் வேறொரு பொம்மைக்கு அதிகமாகப் பகிர்ந்தார்கள்.

மூன்றாம் படி: வயதுக்கேற்ற எதிர்பார்ப்பு

உதவும் இயல்பு மிக முன்னதாகவே தோன்றுகிறது. 18 மாதக் குழந்தைகள், பெரியவர் ஒருவர் தவறவிட்டு எட்ட முடியாமல் தவிக்கும் பொருளை, யாரும் கேட்காமலே எடுத்துக் கொடுத்ததை பீலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ ஆகியோர் 2006-ல் பதிவு செய்தார்கள். இரண்டு வயது நிறையாத குழந்தைகள் தின்பண்டத்தைப் பெறும்போதைவிடக் கொடுக்கும்போதே அதிக மகிழ்ச்சி காட்டினார்கள் என்றும், வேறெங்கிருந்தோ எடுத்துக் கொடுப்பதைவிடத் தங்கள் பங்கிலிருந்து கொடுத்தபோது அம்மகிழ்ச்சி இன்னும் கூடியது என்றும் லாரா அக்னின் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. பவுல் நினைவூட்டிய அந்த வார்த்தையை, இன்னும் சரியாகப் பேசத் தெரியாத குழந்தைகளின் முகத்தில் வாசிக்க முடிகிறது என்பது எனக்குப் பெரும் வியப்பையும் நன்றியையும் தருகிற செய்தி.

அதே குழந்தை மூன்று, நான்கு வயதில் எல்லாவற்றையும் கட்டிப்பிடித்துக்கொண்டு "தரமாட்டேன்" என்று நிற்கும்போது பெற்றோர் மனம் தளர வேண்டாம். தான் என்ற உணர்வு உருவாகும் பருவம் அது. ஏழெட்டு வயதில் சமநீதி பெரிதாகிவிடும். யாருக்கு எவ்வளவு என்று அளந்து பார்ப்பார்கள், கணக்குக் கேட்பார்கள். நாள் முழுதும் உழைத்தவர்களுக்கும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவர்களுக்கும் ஒரே கூலி கிடைத்த திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமையை (மத்தேயு 20) இப்பருவத்தில் சொன்னால் கடுமையாக வாதாடுவார்கள். வாதாடட்டும், அது நல்ல பாடம். பதின்வயதில் உலகின் துன்பங்கள் கண்ணில் படத் தொடங்கும். பெற்றோர் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியும் கூடவே கண்ணில் படும்.

நான்காம் படி: தேவையைக் காணப் பழக்குதல்

நல்ல சமாரியனைக் குறித்து லூக்கா எழுதும் வரிசை கவனிக்கத்தக்கது: வழியில் அடிபட்டுக் கிடந்தவனை அவன் கண்டான், மனதுருகினான், கிட்ட வந்தான்; எண்ணெயும் திராட்சரசமும் காயம் கட்டுதலும் அதற்குப் பிறகே வருகின்றன. ஆசாரியனும் லேவியனும்கூடக் கண்டார்கள். ஆனால் விலகிப் போனார்கள். நாமோ பிள்ளைகளுக்குக் கடைசிச் செயலை மட்டும் கற்பிக்கிறோம். எதைச் செய்ய வேண்டும் என்று நாமே கண்டு, நாமே முடிவுசெய்து, கையில் பொருளையும் கொடுத்து அனுப்புகிறோம்.

காணப் பழக்குவதற்குக் கேள்விகளே சிறந்த கருவி. ஆராதனை முடிந்து வீடு திரும்பும் வழியில், "இன்று பாடம் என்ன?" என்று கேட்பதோடு, "இன்று யாராவது தனியாக நின்றுகொண்டிருந்தார்களா?" என்றும் கேளுங்கள். பள்ளியிலிருந்து வந்ததும், "இன்று உனக்கு யார் உதவினார்கள்? நீ யாருக்கு உதவினாய்? உதவியிருக்கலாமே என்று தோன்றிய இடம் ஏதாவது உண்டா?" என்று கேட்கலாம். மூன்றாவது கேள்விக்கு வரும் விடையை ஒருபோதும் கண்டனத்திற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை கண்டித்துவிட்டால் அந்தக் கேள்விக்கு மறுபடியும் உண்மையான விடை வராது.

சிறுவயதில் தேவையைக் கண்டவர்களின் கதைகள் வேதாகமத்தில் இருக்கின்றன. நாகமானுடைய வீட்டில் பணிசெய்த சிறுபெண்ணின் பெயர்கூட நமக்குத் தெரியாது (2 இராஜாக்கள் 5). சிறைபிடிக்கப்பட்டுச் சொந்த தேசத்தை விட்டு வந்தவள் அவள். தன்னைச் சிறைப்படுத்திய சேனையின் தலைவன் நோயால் வருந்துவதைக் கண்டு, அவன் குணமாக வழியுண்டு என்று தன் எஜமானியிடம் சொன்னாள். அவளிடம் கொடுப்பதற்குப் பொருள் எதுவும் இல்லை. அவள் கொடுத்தது ஒரு செய்தி மட்டுமே. கையில் காசில்லாத பிள்ளைகளுக்கு இந்தக் கதையை அவசியம் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: பணிவிடை வீட்டில் தொடங்கட்டும்

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய நிகழ்ச்சியை (யோவான் 13) நாம் நாடகமாக நடிக்க வைக்கிறோம். பிள்ளைகளும் அழகாக நடிக்கிறார்கள். ஆனால் அன்று அவ்வீட்டில் அது நடிப்பாக இருக்கவில்லை. தூசி படிந்த கால்களும் தண்ணீரும் துணியும் இருந்தன. வேறெவரும் அந்த வேலையைச் செய்ய முன்வரவில்லை. வீட்டுப் பணிவிடையும் அதுபோல மெய்யான வேலையாக இருக்க வேண்டும், செய்யாவிட்டால் யாருக்கேனும் குறைபடுகிற வேலையாக இருக்க வேண்டும். சாமுவேல் சிறுவனாக இருந்தபோதே கர்த்தருடைய ஆலயத்தின் கதவுகளை விடியற்காலையில் திறந்தான் (1 சாமுவேல் 3:15). எளிய வேலைதான். ஆனாலும் அவன் திறக்காவிட்டால் கதவு மூடியே கிடந்திருக்கும்.

நான்கு வயதுப் பிள்ளை எல்லாருடைய செருப்புகளையும் ஜோடி சேர்த்து வைக்கலாம். துணிகளை நிறம் பார்த்துப் பிரிக்கலாம். ஏழு வயதில் சாப்பாட்டு இடத்தைத் துடைத்து ஆயத்தம் செய்யலாம், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம், பாட்டிக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டலாம். பத்து வயதுக்கு மேல் ஒரு வேளைச் சமையலில் ஒரு பகுதியை முழுதாக ஒப்படைக்கலாம். வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது பிள்ளைக்கு இரண்டு மூன்றைக் காட்டி, எது வேண்டும் என்று கேளுங்கள்.

பிள்ளை செய்து முடித்த வேலையை அதன் கண்ணெதிரிலேயே திருத்திச் செய்யாதீர்கள். ஓரம் சரியாக மடிக்கப்படாத துணி அப்படியே இருக்கட்டும். நாம் அதைப் பிரித்து மறுபடி மடிக்கும்போது, "உன் பணிவிடை எங்களுக்குத் தேவையில்லை" என்ற செய்தியைப் பிள்ளை தெளிவாக வாசித்துக்கொள்கிறது. மடிக்கும் முறையை வேறொரு நாள், வேலை தொடங்குமுன், அருகில் உட்கார்ந்து காட்டிக்கொடுக்கலாம்.

வெகுமதியைப் பற்றிய என் கருத்தைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்: பணிவிடைக்குக் காசோ பரிசுப்பொருளோ கொடுக்கக் கூடாது. மேலே சொன்ன வார்னெக்கனும் டோமசெல்லோவும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், உதவியதற்காகப் பொருள் வெகுமதி பெற்ற 20 மாதக் குழந்தைகள், வெகுமதி பெறாத குழந்தைகளையும் பாராட்டு மட்டுமே பெற்ற குழந்தைகளையும்விடப் பின்பு குறைவாகவே உதவினார்கள். உள்ளேயிருந்து வந்த மகிழ்ச்சியின் இடத்தைக் கூலி பிடித்துக்கொள்கிறது. தனியாகக் கூலி வேலை கொடுத்துப் பணத்தின் அருமையைக் கற்பிக்க விரும்பினால் கற்பிக்கலாம்; ஆனால் அதைக் குடும்பத்தின் அன்றாடப் பணிவிடையோடு கலக்க வேண்டாம்.

பாராட்டையும் அளவறிந்து தர வேண்டும். "எவ்வளவு நல்ல பிள்ளை நீ!" என்பது பிள்ளையின் பார்வையைத் தன்மேல் திருப்புகிறது. "நீ படிக்கட்டில் கைகொடுத்ததால் தாத்தா பயமில்லாமல் இறங்கினார், கவனித்தாயா?" என்பது அதே பார்வையைத் தாத்தாவின்மேல் திருப்புகிறது. மகிழ்ச்சி இருப்பது அங்கேதான்.

ஆறாம் படி: காணிக்கையும் பொருளும்

ஆராதனையில் காணிக்கைப் பை வரும் நேரத்தில் அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துப் பிள்ளையின் கையில் வைக்கிறார். பிள்ளை அதைப் பையில் போடுகிறது. ஐந்து விநாடி அந்த நாணயம் பிள்ளையின் கையில் இருந்தது என்பதைத் தவிர, அதில் பிள்ளை கொடுத்தது எதுவும் இல்லை. ஒழுங்காக ஒன்றைச் செய்யும் பழக்கம் என்ற அளவில் இதற்கு மதிப்புண்டு. ஆயினும் ஐந்தாறு வயதுக்குப் பிறகும் இதோடு நின்றுவிடக் கூடாது.

கொரிந்து சபையாருக்குப் பவுல் தந்த யோசனை எளியது: வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எதையாவது தன்னிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் (1 கொரிந்தியர் 16:2). பிள்ளைக்குக் கைச்செலவுப் பணமோ பிறந்தநாள் பணமோ கிடைக்கும்போது, கொடுப்பதற்கு, சேமிப்பதற்கு, செலவுக்கு என்று மூன்று பெட்டிகளில் பிரித்து வைக்கும் பழக்கம் இந்த யோசனையைத் தழுவியதே. கொடுக்கும் பெட்டி முதலில் நிரப்பப்பட வேண்டும், மீந்ததைப் போடும் இடமாக அது ஆகிவிடக் கூடாது. தசமபாகத்தைப் பற்றி உங்கள் சபை கற்பிக்கிறபடி பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். பத்தில் ஒன்றைக் கணக்கிடுவது எட்டு வயதுப் பிள்ளைக்கு இயலாததன்று. அதற்கு மேல் எவ்வளவு, யாருக்கு என்பதைப் பிள்ளை தன் மனதில் நியமித்துக்கொள்ளட்டும்.

பொருள்களைக் கொடுக்கும்போது எழும் ஒரு சிக்கலை நேராகவே பேச வேண்டும். உடைந்த பொம்மைகளையும், பக்கம் கிழிந்த புத்தகங்களையும், சாயம் போன உடைகளையும் மூட்டை கட்டி "ஏழைப் பிள்ளைகளுக்கு" என்று அனுப்புவது வீட்டைச் சுத்தம் செய்யும் வேலைதானே தவிர, அதைத் தானம் என்று பிள்ளைக்குக் கற்பிக்கக் கூடாது. தாவீது பலிபீடம் கட்டிப் பலியிடுவதற்காக அர்வனா தன் களத்தையும் மாடுகளையும் இலவசமாகத் தர முன்வந்தபோது, தனக்கு ஒரு செலவும் இல்லாத பலியைக் கர்த்தருக்குச் செலுத்த மாட்டேன் என்று தாவீது விலைகொடுத்து வாங்கினான் (2 சாமுவேல் 24:24). "இதை உன் நெருங்கிய நண்பனுக்குக் கொடுப்பாயா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, ஆம் என்று வருபவற்றை மட்டும் அனுப்புங்கள்.

இரண்டு காசு போட்ட விதவையின் கதையைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. தன்னிடமுள்ள எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும் என்று சிறு பிள்ளைகள் அதை அச்சத்தோடு புரிந்துகொள்வதுண்டு. பெரிய தொகைக்கு மயங்காத இயேசு, வேறு யாரும் கவனிக்காத அந்தச் சிறு காணிக்கையைக் கவனித்தார் என்பதை முன்னிறுத்தினால் பிள்ளைக்கு அது நற்செய்தியாகச் சேரும். மோசேயின் காலத்தில் ஆசரிப்புக் கூடாரத்திற்காக ஜனங்கள் காலைதோறும் கொண்டுவந்து குவித்ததால், "இனிக் கொண்டுவர வேண்டாம்" என்று பாளயமெங்கும் கட்டளையிட வேண்டியதாயிற்று என்னும் பகுதியையும் (யாத்திராகமம் 36:5–7) மறவாமல் சொல்லுங்கள். கொடுப்பவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டிய அளவுக்கு உற்சாகம் பெருகிய அக்காட்சியைப் பிள்ளைகள் மிகவும் ரசிக்கிறார்கள்.

ஏழாம் படி: வீட்டுக்கு வெளியே, பெறுகிறவரின் மதிப்பு குறையாமல்

பெறுகிறவரைச் சிறுமைப்படுத்தாமல் கொடுப்பது எப்படி என்பதற்குப் போவாஸ் நல்ல முன்மாதிரி. வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமலும் சிந்தின கதிர்களைப் பொறுக்காமலும் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது நியாயப்பிரமாணம் (லேவியராகமம் 19:9–10). நிலத்துக்குச் சொந்தக்காரனான போவாஸ் அதற்கும் மேலே போய், கதிர் பொறுக்க வந்த பிறதேசத்து விதவையான ரூத்துக்காக வேண்டுமென்றே கதிர்களைச் சிந்தவிடும்படியும், அவளை அதட்டாதிருக்கும்படியும் தன் வேலைக்காரருக்குச் சொன்னான். அவள் தன் கையால் பொறுக்கினாள், மாலையில் தலைநிமிர்ந்து வீட்டிற்குச் சென்றாள். பிள்ளைகள் உதவி செய்யும் இடங்களில் புகைப்படம் எடுத்துப் பலருக்கு அனுப்புவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்ற இயேசுவின் சொல்லுக்கு அது எதிரானது. பெறுகிறவரின் அனுமதியும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

முதல் முயற்சியாக, சபையில் நடமாட முடியாமல் வீட்டிலேயே இருக்கும் முதியவர் ஒருவரைச் சந்திக்கச் செல்வதை எடுத்துக்கொள்வோம். முன்னதாக அவரிடம் அனுமதி கேட்டு, அவருக்கு வசதியான நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையிடம் அவரைப் பற்றி உண்மையைச் சொல்லி ஆயத்தப்படுத்துங்கள்: அவருக்குக் காது சற்று மந்தம், கை நடுங்கும், சொன்னதையே மறுபடியும் சொல்லக்கூடும், அறையில் மருந்து வாசனை இருக்கும். எதிர்பாராததைக் கண்டு மிரண்ட பிள்ளையால் அன்பு காட்ட முடியாது. பிள்ளை அவரிடம் கேட்பதற்கு இரண்டு கேள்விகளைத் தானே யோசித்து வரட்டும், "உங்கள் சிறுவயதில் என்ன விளையாடினீர்கள்?" என்பது தவறாமல் பலன் தரும் கேள்வி. அரைமணி நேரத்திற்கு மேல் இருக்க வேண்டாம். விடைபெறும்போது, "எங்களுக்காக நீங்கள் ஜெபியுங்கள்" என்று முதியவரிடம் கேளுங்கள். நடுங்கும் அந்தக் கையைத் தன் தலையில் உணரும் பிள்ளை, தான் கொடுக்க வந்த இடத்தில் பெற்றுக்கொண்டு போகிறது. உதவி செய்கிறவர் உயர்ந்தவர், பெறுகிறவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் முளைவிடாமல் இருக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

எந்த ஊழியமானாலும் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். பொறுப்பான பெரியவர் இருவராவது உடனிருக்கும்படி சபையே விதி வகுத்துக்கொள்வது நல்லது. ஒருமுறை போய் வந்து நிறுத்திவிடுவதைவிட, அதே முதியவரிடம் மாதந்தோறும் செல்வது மேலானது. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது, அவள் தங்களுக்குச் செய்துகொடுத்த அங்கிகளை விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டினார்கள் (அப்போஸ்தலர் 9:39). ஒரே நாளில் தைத்து முடித்த அங்கிகளாக அவை இருந்திருக்க முடியாது.

எட்டாம் படி: ஞாயிறு பள்ளி வகுப்பில்

ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் வைத்திருந்த சிறுவனைப் பற்றி நான்கு சுவிசேஷகரில் யோவான் மட்டுமே எழுதுகிறார். "அவைகள் இவ்வளவு ஜனங்களுக்கு எம்மாத்திரம்" என்ற அந்திரேயாவின் கேள்வி பிள்ளைகளின் மனதில் உள்ள கேள்வியும்கூட. கதையைச் சொல்லி, அந்த இடத்தில் நிறுத்தி, "நீ அவனாக இருந்தால் கொடுக்கும்போது என்ன நினைத்திருப்பாய்?" என்று கேளுங்கள். "எனக்குப் பசிக்குமே" என்று ஒரு பிள்ளை சொன்னால், அது நேர்மையான விடை, அதை மெச்சுங்கள். பிறகு அந்த வாரம் தாங்கள் செய்யக்கூடிய ஒன்றைப் பிள்ளைகளே தெரிந்தெடுக்கட்டும். அடுத்த ஞாயிறு, என்ன செய்தார்கள் என்பதைவிட, அப்போது எதிரில் இருந்தவரின் முகம் எப்படி இருந்தது, தங்கள் மனம் எப்படி இருந்தது என்று பேச வையுங்கள். அதிகக் காணிக்கை கொண்டுவந்த வகுப்புக்குப் பரிசு என்பது போன்ற போட்டிகளை விட்டுவிடலாம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை அங்கே வாய்விட்டுச் சொல்லாமல் காயப்படுகிறது.

வழியில் எதிர்ப்படும் சில இடர்கள்

கொடுத்த பிள்ளைக்கு நன்றி கிடைக்காமல் போகலாம். "நான் கொடுத்தேன், அவன் ஒன்றுமே சொல்லவில்லை" என்று வாடிய முகத்தோடு வரும் பிள்ளையிடம் உடனே பாடம் சொல்லத் தொடங்காமல், "வருத்தமாகத்தான் இருக்கும்" என்று முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். சுத்தமாக்கப்பட்ட பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவனே திரும்பி வந்தான் என்றும், மற்ற ஒன்பதுபேர் எங்கே என்று இயேசுவும் கேட்டார் என்றும் பிறகு சொல்லலாம். இயேசுவுக்கும் அது தெரியும் என்பது பிள்ளைக்கு ஆறுதல்.

முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்யும் பிள்ளைக்கு, சகோதரி தன்னைத் தனியே வேலை செய்ய விட்டுவிட்டாள் என்று இயேசுவிடம் முறையிட்ட மார்த்தாளின் கதை பொருந்தும். ஆனால் பல நேரங்களில் பிள்ளை வெறுமனே களைத்துப் போயிருக்கும், ஓய்வே அதற்கு மருந்து.

எல்லாவற்றையும் எளிதாகக் கொடுத்துவிடும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவதே இல்லை. கவனிக்க வேண்டும். நண்பர்கள் தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தன் பொருள்களை இழக்கிற பிள்ளையும், "மாட்டேன்" என்று சொல்லப் பயந்து கொடுக்கிற பிள்ளையும் வெளியிலிருந்து பார்த்தால் மிகத் தாராளமானவர்களாகவே தோன்றுவார்கள். கொடுத்துவிட்டு வந்த பிறகு பிள்ளை லேசாக இருக்கிறதா, ஒடுங்கிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஒடுங்கியிருந்தால், "இல்லை, இது எனக்கு வேண்டும்" என்று சொல்லும் உரிமையை அந்தப் பிள்ளைக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டும். யாரேனும் பெரியவர், இரகசியமாக எதையும் கொடுக்கும்படியோ செய்யும்படியோ கேட்டால் மறுத்துவிட்டு வீட்டில் சொல்ல வேண்டும் என்பதும் இதே பாடத்தைச் சேர்ந்தது.

பதின்வயதினருக்கு அறிவுரைகளைக் குறைத்துப் பொறுப்பைக் கூட்டுங்கள். குடும்பம் மாதந்தோறும் பிறருக்கென ஒதுக்கும் தொகை எவ்வளவு, அது எங்கே போகிறது என்பதை அவர்களோடு உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள். அதில் ஒரு பகுதியை அவர்கள் பொறுப்பில் விட்டு, எந்த ஊழியத்திற்கு அல்லது யாருக்கு அனுப்பலாம் என்று விசாரித்து வரச் சொல்லுங்கள்; அந்தப் பணி எப்படி நடக்கிறது, கணக்குகளைக் காட்டுகிறார்களா, உதவி பெறுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதையெல்லாம் அவர்களே கேட்டறியட்டும். அவர்கள் கொண்டுவரும் முடிவு பெற்றோர் மனதில் நினைத்திருந்ததாக இல்லாமற்போகலாம். தவறானது என்று காட்ட உண்மையான காரணம் இல்லாத வரையில், அந்த மாதம் பணத்தை அவர்கள் சொன்ன இடத்திற்கே அனுப்பிவிடுங்கள்.